பஸ்தியான் மிதவையில் முட்டிய சனிக்கிழமை

மீன்பிடி ஊரான கண்டக்குழியில் பஸ்தியானைப் பற்றி விசாரித்தால் இரண்டு விதமான பதில் வரும். உரத்த காற்றில் வள்ளத்தை அலை உடைக்காமல் கரை சேர்க்க அவனை விட்டால் ஆள் இல்லை என்பது ஒன்று. மற்றதைக் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். அந்த இரண்டாவது பதில் ஒரு விளையாட்டில் இருந்து வந்தது.

ஐரோப்பாவில் இரண்டாவது பெரிய யுத்தம் மூள்வதற்குச் சில வருடங்களுக்கு முந்திய காலம். வைகாசியில் மேற்கே இருந்து கச்சான் காற்று உரத்துவிட்டால் கண்டக்குழிக் கரையில் வள்ளம் இறக்க முடியாது. மேற்குக் கடல் அப்படிக் கொந்தளிக்கும். ஆண்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, தென்னந்தோப்புகளுக்கு ஊடாகக் குறுக்கே நடந்து, கற்பிட்டிப் பக்கம் களப்பு என்னும் உள்கடலின் கரைக்குப் போய் என்ன வேலை கிடைத்தாலும் செய்வார்கள். பஸ்தியானும் போனான். அங்குள்ள பழைய கோட்டைக்குத் தெற்கே, தண்ணீரை ஒட்டி, கிடுகு வேய்ந்த ஒரு கொட்டகையும் அதற்கு முன்னால் பலகைத் துறையும் இருந்தன. துரைமார் அதைக் கிளப்பு என்றார்கள். சுங்கத்துக்குப் பொறுப்பான பெல்டன் துரை, தென்னந்தோட்டத் துரைமார் சிலர், புத்தளத்தில் இருந்து வரும் ஒரு பறங்கி டொக்டர் ஆகியோர்தான் அங்கத்தவர்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் ஆளுக்கொரு சின்னப் பாய்ப்படகில் ஏறிப் பந்தயம் ஓடுவார்கள்.

அந்தப் படகுகளைத் தண்ணீரில் தள்ளி விடுவதற்குத்தான் பஸ்தியானைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்குப் பெல்டன் துரையோடு முன்பாய் பிடிக்கிறவனுக்குக் காய்ச்சல். துரை கரையில் நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, பஸ்தியானை நோக்கி விரலை நீட்டினார்.

"நீ வா. உனக்குப் படகு ஓட்டத் தெரியுமா?"

துரை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உத்தியோகம் பார்த்து, தமிழைப் புத்தகத்தில் படித்துச் சோதனை எழுதியவர். அவர் பேசினால் பிரசங்கம் வாசிப்பது போல இருக்கும்.

"ஓம் துரை," என்று சொல்லிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான் பஸ்தியான்.

அது அவனுக்குப் புது உலகம். பிறந்ததில் இருந்து அவன் காற்றோடு போனதெல்லாம் மீனுக்காக, அல்லது வீடு திரும்புவதற்காக. இங்கே வெடிச் சத்தம் கேட்டதும் ஐந்தாறு படகுகள் ஒரே கோட்டில் பாய்ந்தன. காற்றுக்கு எதிரே குறுக்கும் நெடுக்குமாக வெட்டி ஏறி, தூரத்தில் மிதவையாக நங்கூரமிட்ட சிவப்புப் பீப்பாயைச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பின. பிடிக்க ஒன்றும் இல்லை, கொண்டுவர ஒன்றும் இல்லை. ஆனாலும் படகு ஒரு பக்கம் சரிய, மறுபக்க விளிம்பில் இருவரும் முதுகை வளைத்துத் தொங்க, உப்புத் தண்ணீர் முகத்தில் அறைய, முன்னால் போகும் வெள்ளைப் படகை அங்குலம் அங்குலமாகப் பிடித்துத் தாண்டியபோது அவனுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. பெல்டன் துரையின் பச்சைப் படகு முதலாவதாக வந்தது. துரை அவன் தோளில் தட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவி யூஜீனியாவிடம் சொன்னான். அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை விட்டு நிமிரவில்லை.

"வெள்ளைக்காரர் சும்மா கூப்பிடுவாரா? அதுவும் சுங்கத் துரை?"

"விளையாட்டுத்தானேடி."

"அவருக்கு விளையாட்டு. உங்களுக்கு என்ன எண்டு பாப்பம்."

அந்தப் பருவம் முழுக்கச் சனிக்கிழமைகளில் அவன் பச்சைப் படகில் போனான். காய்ச்சல்காரன் குணமாகி வந்து கரையில் நின்றான். துரை அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. கிளப்பில் பஸ்தியானுக்கு ஒரு சிநேகிதனும் கிடைத்தான். ஒரு தோட்டத் துரையின் வெள்ளைப் படகில் முன்பாய் பிடித்த கற்பிட்டி மஸாஹிர். பந்தயத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். முடிந்ததும் துறையின் கீழே நிழலில் குந்தியிருந்து, எவன் எங்கே காற்றைத் தவறவிட்டான் என்று கதைப்பார்கள்.

துரை படகில் அதிகம் பேசமாட்டார். ஆனால் களப்பில் வேறு பாய் ஏதாவது தெரிந்தால் கேட்பார்.

"அது யாருடைய படகு?"

பஸ்தியானுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஒட்டுப் போட்ட இடத்தையும் பாயின் நிறத்தையும் வைத்து அவன் எந்த வள்ளத்தையும் சொல்லிவிடுவான். அது பாலாவியாருடையது துரை, உப்பு ஏத்த வருது. இது எங்கட ஊர் வள்ளம், இறால் பாக்கப் போகுது. துரை தலையை ஆட்டுவார். ஒருநாள் தீவுப் பக்கத்தில் இருந்து ஒரு வள்ளம் கரை நோக்கி வந்தது.

"அது யாருடைய படகு?"

"தோமஸ்ட வள்ளம் துரை. எங்கட ஊர்தான். நல்லாத் தாழ்ந்து வருது பாருங்க, இண்டைக்கு ஆளுக்கு மீன் அள்ளுப்பட்டிருக்கு," என்று சிரித்தான் பஸ்தியான்.

துரை சிரிக்கவில்லை. முன்பாயை இறுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் தோமஸைச் சுங்கக்காரர் பிடித்தார்கள். இந்தியாவில் இருந்து வந்த துணிப் பொதிகள், தீர்வை கட்டாதவை, மீனுக்கு அடியில் இருந்தன. வள்ளத்தை இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைக்கு முன்னால் கவிழ்த்து வைத்தார்கள். தோமஸை மறியலில் அடைத்தார்கள்.

துணி வருவது கண்டக்குழியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யார் யார் இறக்குகிறார்கள் என்பதும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. அப்படியிருக்க சுங்கக்காரர் நேரே தோமஸின் வள்ளத்துக்கு எப்படிப் போனார்கள்? ஊர் இந்தக் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே எல்லாக் கண்களும் ஒரே வீட்டுப் பக்கம் திரும்பின.

ஒருவரும் எதையும் நேரே சொல்லவில்லை. களப்புக் கரையில் வள்ளத்தை மணலில் ஏற்றும்போது பஸ்தியான் தோள் கொடுத்த பக்கத்தில் மற்றவர்களின் தோள் விலகியது. அவன் வந்ததும் கதை மீன் விலைக்கு மாறியது. கிணற்றடியில் யூஜீனியாவுக்கு முன்னால் இருந்த பெண்கள் வாளியை அவள் கையில் கொடுக்காமல் கல்லில் வைத்துவிட்டுப் போனார்கள். ஞாயிறு பூசையில் சுவாமியார் யூதாசைப் பற்றிப் பிரசங்கம் வைத்தபோது, முன்வரிசையில் யாரோ மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

யூஜீனியாவின் அண்ணன் இன்னாசிப்பிள்ளைதான் முதலில் வாய் திறந்தான். அவனும் துணி இறக்குகிறவன், தோமஸின் கூட்டாளி. ஒரு மத்தியானம் வந்து, கதிரையில் உட்காராமல் வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"மச்சான், துரையோட என்ன கதைச்ச நீ?"

"காத்தைப் பத்திக் கதைக்கிறது. பாயைப் பத்தி."

"வள்ளங்களைப் பத்தி?"

தாழ்ந்து வருது பாருங்க என்று சிரித்தது பஸ்தியானின் காதிலேயே திரும்ப ஒலித்தது. மீன் என்றுதான் நினைத்தான். மாதாவாணை மீன் என்றுதான் நினைத்தான்.

"இல்லை," என்றான்.

இன்னாசிப்பிள்ளை அவனையே பார்த்தான். "எனக்கு ஐமிச்சம் இல்லை மச்சான். ஊருக்கு இருக்கு." அப்படிச் சொல்லிவிட்டுத் தங்கையின் பக்கம் திரும்பாமலே போய்விட்டான்.

அன்று யூஜீனியாவிடம் பஸ்தியான் எல்லாவற்றையும் சொன்னான்.

"இனிப் போகாதீங்க."

"இப்ப நிண்டால், உண்மைதான் எண்டு ஆகிடும்."

"போனாலும் அப்பிடித்தான்."

அவள் சொன்னது சரி என்று அவனுக்குத் தெரியும். சனிக்கிழமை வந்ததும் கால் தானாகவே களப்புப் பக்கம் நடந்தது. துரையைப் பகைக்கப் பயம் ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வெடிச் சத்தத்துக்கு முன் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு காத்து நிற்கும் அந்த நேரத்தை அவனால் விட முடியவில்லை.

ஆனால் விளையாட்டு பழைய விளையாட்டாக இல்லை. துரை கடலைப் பார்த்தார், பஸ்தியான் துரையைப் பார்த்தான். முன்பு கண்ணில் படாததெல்லாம் இப்போது பட்டது. துரையின் இருக்கைக்கு அடியில் ஒரு தோல் பை. அதற்குள் தூரக்கண்ணாடி. சிவப்புப் பீப்பாயை எங்கே நங்கூரமிடுவது என்று தீர்மானிப்பதும் துரைதான். முன்பு அது நடுக் களப்பில், காற்று நேராக விழுகிற இடத்தில் நின்றது. இப்போது வடக்கே தள்ளி, கண்டல் மரம் மூடிய ஒரு சின்னத் தீவுக்குள் வள்ளம் நுழையும் வாய்க்கு எதிரே நின்றது. துணி இறக்குகிறவர்களுக்கு அந்த வாய் எதற்குப் பயன்படுகிறது என்று பஸ்தியானுக்குத் தெரியும்.

மஸாஹிரும் அதைக் கவனித்திருந்தான். துறையின் கீழே உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் கேட்டான்.

"பந்தயம் ஓட வார மனிசருக்குத் தூரக்கண்ணாடி என்னத்துக்கு பஸ்தியான்?"

"எனக்குத் தெரியாது."

"அந்த மூலைக்குள்ள காத்தே இல்லை. எங்கட தொரை ஏசிக்கிட்டே இரிக்காரு. ஒங்கட தொரை மட்டும் அங்கனதான் போடணும் எண்டு நிக்காரு."

மஸாஹிர் ஏன் இதைத் தன்னிடம் கேட்கிறான் என்று பஸ்தியான் யோசித்தான். துரை கேட்கச் சொல்லியிருப்பாரோ? அப்படி நினைத்ததும் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஊர் தன்னைப் பார்க்கிற அதே கண்ணால் அவன் இப்போது தன்னுடைய ஒரே சிநேகிதனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு வெள்ளிக் கிண்ணம் ஒன்று வைத்திருந்தார்கள். புத்தளத்தில் இருந்து துரைமாரும் துரைசானிமாரும் வந்து கொட்டகையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்று நல்ல காற்று. வெடி வைத்ததும் பச்சைப் படகு முன்னால் பாய்ந்தது. காற்றை முதுகில் வாங்கி, பெரிய பாயை ஒரு பக்கம் முழுதாக விரித்துக்கொண்டு வடக்கு மூலைக்கு ஓடியபோது மஸாஹிரின் வெள்ளைப் படகு நன்றாகப் பின்தங்கிவிட்டது. கிண்ணம் கையில் வந்தது போலத்தான். பஸ்தியான் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்து சிரித்தான்.

அப்போது தீவின் கண்டல் மரங்களுக்குப் பின்னால் இருந்து ஒரு பாய் வெளியே வந்தது. மரப்பட்டைச் சாயம் தோய்த்த கருஞ்சிவப்புப் பாய். நடுவில் மாச்சாக்குத் துணியால் வெளிறிய ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டது யூஜீனியா. இன்னாசிப்பிள்ளையின் வள்ளம் தண்ணீரில் நன்றாகத் தாழ்ந்திருந்தது.

"அது யாருடைய படகு?"

"தெரியேல்லை துரை. கண்ணுக்கு வெயில் அடிக்குது."

"வெயில் உன் முதுகில் அடிக்கிறது," என்றார் துரை.

அவர் குரலை உயர்த்தவில்லை. தோல் பையை இழுத்துத் திறந்தார். "இங்கே வா. சுக்கானைப் பிடி."

பஸ்தியான் பின்னால் போய்ச் சுக்கானைப் பிடித்தான். பருவம் முழுக்க ஒருநாளாவது தன் கையில் வராதா என்று அவன் ஏங்கிய சுக்கான். துரை தூரக்கண்ணாடியைக் கண்ணுக்கு உயர்த்தினார். சிவப்புப் பீப்பாய் கிட்ட வந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் கருஞ்சிவப்புப் பாய்.

"துரை, தலை!"

கத்திக்கொண்டே சுக்கானைத் தள்ளினான். காற்று பாயின் மறுபக்கத்தில் புகுந்தது. பாயின் அடிமரம் படகுக்குக் குறுக்கே வெட்டுவது போல வீசி வந்தது. துரை குனிந்திராவிட்டால் மண்டை பிளந்திருக்கும். படகு சரிந்து தண்ணீர் அள்ளியது. பக்கப் பலகை பீப்பாயில் மோதி, மரம் முறிகிற மாதிரிச் சத்தம் எழுந்தது. துரை படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் விழுந்து கிடந்தார். தூரக்கண்ணாடி அவர் கழுத்தில் ஊசலாடியது. இருவரும் கயிறுகளை அவிழ்த்து, தண்ணீரை இறைத்து, படகை நிமிர்த்தி முடிப்பதற்குள் தீவின் வாயில் எந்தப் பாயும் இல்லை.

மிதவையில் முட்டின படகு பந்தயத்தில் இல்லை. அதுதான் சட்டம். வெள்ளைப் படகு அவர்களைத் தாண்டிப் போனது. மஸாஹிர் முன்பாயைப் பிடித்தபடி இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

திரும்பி வரும் வழியில் துரைதான் சுக்கான் பிடித்தார்.

"நீ நல்ல படகோட்டி, பஸ்தியான். நல்ல படகோட்டி மிதவையில் முட்டமாட்டான்."

"காத்து திரும்பிட்டுது துரை."

"காற்று திரும்பவில்லை."

துறையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். தோட்டத் துரை சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். பெல்டன் துரை அந்தக் கையைக் குலுக்கிவிட்டு, எல்லோர் முன்னாலும் மஸாஹிரைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"நீ பின்னால் வந்தாய். அந்த மூலையில் காற்று திரும்பியதா?"

மஸாஹிர் யோசிக்கவே இல்லை. "ஓம் தொரை. ஒருக்காச் சுத்தி அடிச்சிச்சு. நானும் கண்டேன்."

துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் போய்விட்டார். பஸ்தியான் மஸாஹிரின் கையைப் பிடிக்கப் போனான். மஸாஹிர் கையை விலக்கிக்கொண்டு, "இங்கன நிண்டு கதைக்காத, போ," என்றான். அதற்குப் பிறகு பல நாள் பஸ்தியானுக்கு அது உறுத்தியது. மஸாஹிர் சிநேகிதத்துக்காகப் பொய் சொன்னானா, அல்லது அந்த வள்ளத்தில் அவனுக்கும் ஏதாவது பங்கு இருந்ததா?

அடுத்த பருவத்தில் துரை அவனைக் கூப்பிடவில்லை. பச்சைப் படகில் பழைய காய்ச்சல்காரன் ஏறினான். பஸ்தியான் தென்னந்தோப்பு ஓரத்தில் நின்று வெடிச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவான். இனி ஊர் தன்னைப் புரிந்துகொள்ளும் என்று நினைத்தான். ஊர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. காட்டிக் குடுக்க வேண்டியதைக் காட்டிக் குடுத்தாச்சு, இனி இவன் எதுக்கு எண்டு துரை கழட்டிவிட்டார் என்றார்கள்.

அன்று களப்பில் நடந்ததைக் கண்ணால் கண்ட ஊர் ஆள் இன்னாசிப்பிள்ளை மட்டும்தான். பச்சைப் படகு சுழன்று பீப்பாயில் மோதியதை அவன் வள்ளத்தில் இருந்து கண்டிருந்தான். ஆனால் அதைச் சொல்வதானால், தான் அன்று தீவின் வாயில் என்ன செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அவன் வேறு வழி பார்த்தான். அவனுக்கு ஆண் குழந்தை பிறந்தபோது, பஸ்தியானையே ஞானத்தகப்பனாக நிற்கக் கேட்டான்.

"சம்மதம் சொல்லுங்க," என்றாள் யூஜீனியா. "அண்ணனால இதுக்கு மேல உரத்துச் சொல்ல முடியாது."

கோவிலில் பஸ்தியான் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றான். ஊர் முழுக்கப் பார்த்தது. சிலருக்கு முகம் இளகியது. வேறு சிலர், இன்னாசி ஒற்றனுக்கு வாயடைக்கிறான் என்று வெளியே போய்ச் சொன்னார்கள். இன்னாசிப்பிள்ளை வீட்டில் விருந்து நடக்கும்போது, மறியலில் இருந்து வந்திருந்த தோமஸும் வந்தான். மெலிந்திருந்தான். பஸ்தியானுக்கு நேரே வந்து நின்றான்.

"நீதான் எண்டு எல்லாரும் சொல்லுறாங்க," என்றான் தோமஸ். "இன்னாசி இல்லை எண்டுறான். என்னெண்டு தெரியும் எண்டு கேட்டால் சொல்லுறான் இல்லை."

"நான் என்ன சொன்னாலும் நீ நம்பப் போறியா?"

"தெரியாது," என்றான் தோமஸ். ஒரு துண்டு கேக்கை எடுத்தான், சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான், போகும்போது அதை மேசையில் திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

யுத்தம் வந்ததும் கிளப்பு மூடப்பட்டது. படகுகளைக் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். பெல்டன் துரைக்குத் திருகோணமலைக்கு மாற்றம். போவதற்கு முன் ஒரு காலை அவர் கற்பிட்டி றோட்டில் நடந்து வருவதைப் பஸ்தியான் கண்டான். ஒதுங்கி நின்றவன், கடைசியில் மனது கேட்காமல் குறுக்கே போனான்.

"துரை, ஒண்டு கேக்கணும். தோமஸை... நான் சொன்னதை வைச்சா பிடிச்ச நீங்க?"

துரை தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"சுங்கத்தில் தகவல் தந்தவர் பெயரைச் சொல்வதில்லை," என்றார்.

"அப்ப ஒருத்தர் தந்தவரா? வேற ஆளா?"

"சொல்வதில்லை, பஸ்தியான்."

அவர் நடந்து போய்விட்டார். பஸ்தியான் அங்கேயே நின்றான். வேறு ஒருவன் இருந்தான் என்பதற்கும் அந்தச் சொல் பொருந்தியது, அந்த ஒருவன் அவன்தான் என்பதற்கும் பொருந்தியது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அதில் இருந்து ஒன்றும் விழவில்லை.

யுத்த காலத்தில் இளைஞர்கள் பலர் பாலாவிப் பக்கம் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டார்கள். வள்ளங்களுக்கு ஆள் தட்டுப்பாடு. ஒரு விடியலில் தோமஸ் வந்து வேலிக்கு வெளியே நின்றான். அவனிடம் அப்போது வேறு வள்ளம் இருந்தது. துணி இறக்குவதை விட்டுவிட்டான்.

"எனக்கு ஓராள் குறையுது. வாறியா?"

பஸ்தியான் யூஜீனியாவைப் பார்த்தான். அவள் சோற்றுப் பொதியைக் கட்டத் தொடங்கினாள்.

அன்று தொடங்கி, தோமஸின் மூட்டு வலியெடுத்துக் கடலை விடும்வரை, இருவரும் ஒரே வள்ளத்தில் போனார்கள். நல்ல மீன் பட்ட நாளில் சேர்ந்து சிரித்தார்கள், வலை கிழிந்த நாளில் சேர்ந்து ஏசினார்கள். தன்னை நம்பித்தான் தோமஸ் கூப்பிட்டானா, கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளக் கூப்பிட்டானா என்பது பஸ்தியானுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தொலைவில் ஏதாவது பாய் தெரிந்தால் தோமஸ் கையை நெற்றிக்குக் கொடுத்து உற்றுப் பார்ப்பான். அது யாருடையது என்று பஸ்தியானுக்கு உடனே தெரிந்துவிடும். அவன் குனிந்து வலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.